தபால் வண்டி முதல் மூலநிரல் வரை: கண்டிக்கு வந்த கடிதங்களின் கதை

கடிதப் போக்குவரத்தின் வரலாற்றில் கண்டி மாநகருக்குத் தனியிடம் உண்டு. 1832ஆம் ஆண்டு பெப்ரவரி 1ஆம் திகதி கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தொடங்கிய குதிரை பூட்டிய அஞ்சல் வண்டிச் சேவையே ஆசியாவின் முதலாவது அஞ்சல் வண்டிச் சேவை என்று குறிக்கப்படுகின்றது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர், மலைகளைக் குடைந்து அமைக்கப்பட்ட பாதை வழியாகவே அந்த வண்டி வந்தது. அப்பாதையை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக எழுப்பப்பட்ட கோபுரம் கடுகண்ணாவையில் நிற்கின்றது. 1867இல் புகையிரதம் கண்டியை எட்டியதும் தபால் மூட்டைகளும் புகையிரதத்துக்கு மாறின.

கடிதம் வந்த பாதை பற்றி நம்மவர் நிறையவே எழுதியிருக்கின்றனர். ஆனால், கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் கடிதம் கடதாசியை விட்டுக் கணினிக்குள் புகுந்த வரலாறு தமிழில் போதிய அளவு பேசப்படவில்லை. அதிலும், மின்னஞ்சலை வாசிக்கும் மென்பொருளை ஆயத்தமாக வாங்காமல், அதன் மூலநிரலைப் பெற்றுத் தம் கணினியிலேயே ஆக்கி நிறுவிக்கொண்டவர்களின் கதை பலருக்குத் தெரியாது. இது கணினி வல்லுநர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. நமது பழைய தமிழ் மின்னஞ்சல்களில் எவை இன்றும் வாசிக்கத்தக்கவை, எவை குப்பையாகிவிட்டன என்பதைத் தீர்மானித்தது இந்தச் சங்கதிதான்.

கடிதங்களால் பிணைந்த மலையகம்

மலையகத் தமிழருக்குக் கடிதம் என்பது வெறும் நலம் விசாரிப்பு அன்று. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைக் கூறுபோட்டது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். அண்ணன் இங்கே, தம்பி நீலகிரியில் என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையிலான கப்பல் 1984இல் நின்றபோது, சாதாரண மக்களுக்கு எஞ்சியது தபால் ஒன்றே. 1983 ஜூலைக் கலவரத்தின் பின்னர் புலம்பெயர்ந்தோரும் அந்தக் கடிதப் பட்டியலில் சேர்ந்தனர். கோத்தகிரி, குன்னூருடன் ரொறன்ரோ, இலண்டன், பாரிஸ் முகவரிகளும் கண்டித் தபாற்கந்தோரின் முத்திரையைக் காணத் தொடங்கின.

அந்தக் கடிதங்களில் பல இன்னமும் தகரப் பெட்டிகளுக்குள் இருக்கின்றன. மை மங்கியிருக்கலாம், மடிப்பில் கிழிந்திருக்கலாம். ஆயினும் எழுத்தறிந்த எவரும் அவற்றை எடுத்து வாசிக்கலாம். கண் ஒன்றே போதும். மின்னஞ்சலின் நிலை அப்படியன்று. அதற்கும் நமது கண்ணுக்கும் நடுவே ஒரு மென்பொருள் நிற்கின்றது. அந்த மென்பொருள் மறைந்தால் கடிதமும் மறையக்கூடும்.

இலங்கையில் மின்னஞ்சல்

இலங்கையில் மின்னஞ்சலின் தொடக்கம் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்துடன் தொடர்புடையது. அங்குள்ள கல்வியாளர்கள் 1989இல் முன்வைத்த திட்டமே ‘லேர்ன்’ எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பாக வளர்ந்தது. 1990இல் ‘லேர்ன் மெயில்’ சேவை தொடங்கியது. பேராதனைப் பல்கலைக்கழகமும் பின்னர் இவ்வலையமைப்பில் இணைந்துகொண்டது.

அன்றைய மின்னஞ்சல் இன்றுபோல் நொடியில் போய்ச் சேரவில்லை. கடிதங்கள் ஒரு கணினியில் சேர்த்து வைக்கப்படும். குறித்த நேரத்தில் தொலைபேசி அழைப்பு எடுக்கப்பட்டு, சேர்ந்த கடிதங்கள் மொத்தமாக அனுப்பப்படும்; வந்தவை மொத்தமாகப் பெறப்படும். பெல் ஆய்வுகூடத்தில் 1970களில் உருவான ‘யுயுசிபி’ என்ற முறையே இதற்கு உதவியது. குறித்த வேளையில் மூட்டை கட்டிப் புறப்படும் பழைய அஞ்சல் வண்டியின் ஏற்பாட்டுக்கும் இதற்கும் அடிப்படையில் அதிக வேறுபாடு இல்லை.

1995இல் வணிக ரீதியான இணையச் சேவை இலங்கையில் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கண்டியிலும் கொமியூனிகேஷன் நிலையங்களில் கணினிகள் முளைத்தன. தொலைபேசி வழியான இணைப்புக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. விநாடிக்கு 33.6 கிலோபிற் வேகமுள்ள மோடத்தில் 3 மெகாபைற் அளவுள்ள ஒரு பொதியை இறக்குவதற்கு, இணைப்பு அறுந்துபோகாவிட்டால், குறைந்தது 12 நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே கடிதங்களை வேகமாக இறக்கிக்கொண்டு, இணைப்பைத் துண்டித்துவிட்டு ஆறுதலாக வாசிக்க உதவும் மென்பொருள்களுக்கு மதிப்பு இருந்தது. இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் 1988இல் எழுதிய யுடோரா, நியூசிலாந்தில் டேவிட் ஹரிஸ் 1990இல் வெளியிட்ட பெகாசஸ் மெயில், பின்னர் வின்டோஸுடன் வந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்பன அவ்வகையின.

மூலநிரல் என்பது யாது?

மனிதர் எழுதி, மனிதர் வாசிக்கக்கூடிய கட்டளைகளின் தொகுதியே மூலநிரல். கணினியின் செயலி அதை நேரடியாக விளங்கிக்கொள்ளாது. கம்பைலர் எனப்படும் தொகுப்பான் அதைச் செயலியின் மொழிக்கு மாற்றித் தருகின்றது. கடையில் வாங்கும் வடையைப் பிய்த்துப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஓரளவு ஊகிக்கலாம். செய்முறை கையில் இருந்தாலோ உப்பைக் குறைத்தும் காரத்தைக் கூட்டியும் நாமே சுட்டுக்கொள்ளலாம். ஆயத்த மென்பொருளுக்கும் மூலநிரலுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளில் மின்னஞ்சல் மென்பொருளை மூலநிரலிலிருந்து நிறுவும் முறை ஏறக்குறைய ஒரே மாதிரியானது. முதலில் மூலநிரற் பொதியைப் பெற்று, அது இடைவழியில் மாற்றப்படவில்லை என்பதை அதனுடன் வெளியிடப்படும் மின்கையொப்பத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். பொதியைப் பிரித்து, உள்ளே இருக்கும் நிறுவுதற் குறிப்பை வாசிக்க வேண்டும். அதன் பின் மூன்று கட்டளைகள். ‘கொன்பிகர்’ என்ற முதற் கட்டளை, கணினியில் தொகுப்பான் உள்ளதா, திரையில் எழுத்துக் காட்டவும் மறைகுறியாக்கவும் தேவையான நூலகங்கள் உள்ளனவா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கும். ஒன்று குறைந்தாலும் அதன் பெயரைச் சொல்லி நின்றுவிடும். அதைத் தேடி நிறுவிவிட்டு மறுபடியும் தொடங்க வேண்டும். ‘மேக்’ என்ற இரண்டாவது கட்டளை மூலநிரற் கோப்புகளை ஒவ்வொன்றாகத் தொகுக்கும். அக்காலக் கணினிகளில் இது நீண்ட நேரம் பிடித்தது. ‘மேக் இன்ஸ்டோல்’ என்ற மூன்றாவது கட்டளை, உருவான மென்பொருளை உரிய இடத்தில் வைக்கும். கணினியின் மேலாளர் அனுமதி இல்லாத மாணவரும் கூடத் தமது சொந்தக் கோப்புறைக்குள் இவ்வாறு நிறுவிக்கொள்ள முடிந்தது.

இதில் வேடிக்கையான வரலாறு கொண்டது ‘பைன்’ என்ற மென்பொருள். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் உருவாகத் தொடங்கிய பைன், உலகெங்கும் பல்கலைக்கழகக் கணினிகளில் பரவியது. அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம். ஆனால் மாற்றம் செய்து தொகுத்த வடிவத்தை அனுமதியின்றிப் பரப்பக்கூடாது என்று பல்கலைக்கழகம் நிபந்தனை விதித்தது. கொள்கைப் பிடிப்புள்ள டெபியன் லினக்ஸ் குழுவினர் இதற்கு உடன்படவில்லை. அவர்கள் ஆயத்த மென்பொருளை வழங்காமல், மூலநிரலையும் செய்யவேண்டிய திருத்தங்களையும் தனித்தனியே கொடுத்தனர். பைன் வேண்டிய டெபியன் பாவனையாளர் அதைத் தம் கணினியில் தாமே தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 2007இல் அதன் வழித்தோன்றலான ‘அல்பைன்’ கட்டற்ற உரிமத்தின் கீழ் வெளிவந்த பின்னரே இந்தச் சிக்கல் தீர்ந்தது. மூலநிரலைப் பார்க்கும் உரிமை வேறு, அதை மாற்றிப் பிறருடன் பகிரும் உரிமை வேறு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

தமிழ் எழுத்துப் பட்டபாடு

மின்னஞ்சலின் அடித்தள விதிகள் ஆங்கிலத்தை மட்டுமே மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அதில் 128 குறிகளுக்கே இடமிருந்தது. ‘மைம்’ என்ற விதிமுறை 1992இல் வந்த பின்னரே வேற்று எழுத்துக்களையும் முறையாக அனுப்ப வழி பிறந்தது. கடிதத்தின் தலைப்பில் அது எந்தக் குறிமுறையில் எழுதப்பட்டது என்று அறிவிக்கவும் ஏற்பாடு வந்தது. ஆனால் தமிழுக்கு அறிவிப்பதற்கென ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரு குறிமுறை அப்போது புழக்கத்தில் இல்லை.

இலங்கையில் பெருவழக்காக இருந்தது பாமினி எழுத்துரு. தட்டச்சுப் பழக்கமுள்ளவர்களுக்கு அது வசதியானது. பத்திரிகை அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் அது வேரூன்றியது. ஆங்கில எழுத்துக்களுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தியது அதன் உத்தி. இதனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் விளைந்தன. பாமினியில் எழுதிய கடிதம் கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக்களாகவே தெரிந்ததால், எந்த அஞ்சற் கணினி வழியாகவும் சேதமின்றிச் சென்றது. ஆனால் பெறுபவர் திரையில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக நின்றது. அதைப் பிரதி எடுத்து வேர்ட் மென்பொருளில் ஒட்டி, எழுத்துருவை மாற்றினால்தான் அம்மாவின் சுகம் தெரியவரும். இந்தத் தொல்லைக்கு அஞ்சியே பலர் ஆங்கில எழுத்துக்களில் தமிழை எழுதத் தொடங்கினர்.

உலகத் தமிழர் இதற்கு விடை தேடியதும் மின்னஞ்சல் வழியாகவே என்பது குறிப்பிடத்தக்கது. 1990களின் நடுப்பகுதியில் பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெற் மடலாடற்குழு, பல கண்டங்களில் இருந்த தமிழரை ஒன்றுகூட்டியது. மலேசியாவின் முத்து நெடுமாறன் தமது மென்பொருளுக்கு ‘முரசு அஞ்சல்’ என்றே பெயரிட்டார். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் உள்ளிட்டோரின் நீண்ட கலந்துரையாடலில் பிறந்ததே ‘திஸ்கி’ என்ற தமிழ்த் தகுதரக் குறிமுறை. முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு, அடுத்த 128 இடங்களில் தமிழை அமர்த்தியது அது. 247 எழுத்துக்களும் அதற்குள் அடங்கா என்பதால் கொம்பு, கால் முதலியன தனித்தனி வடிவங்களாக வைக்கப்பட்டன. ஒரே கடிதத்தில் தமிழும் ஆங்கிலமும் எழுத வழி பிறந்தது. தமிழ்நாடு அரசு 1999இல் ‘தாப்’, ‘தாம்’ என வேறு இரு தரங்களை அறிவித்தது. 1991 முதலே யூனிகோட்டில் தமிழுக்கு இடம் இருந்தபோதிலும், அது சாதாரணக் கணினிகளில் பயன்படும் நிலைக்கு வந்தது 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே.

திறந்த கதவால் நுழைந்த தமிழ்

இந்த இடத்தில்தான் மூலநிரலின் பெருமை புலப்படுகின்றது. ஆயத்த மென்பொருள் தமிழை அறியாவிட்டால், அதைச் செய்த நிறுவனத்துக்கு மனுப்போட்டுக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. மூலநிரல் கையில் இருந்தாலோ, குறைபாடு எங்கே இருக்கிறது என்று பார்த்துத் திருத்தி, மறுபடியும் தொகுத்துக்கொள்ளலாம். அவ்வாறே நடந்தது. லினக்ஸ் திரையில் எழுத்துக்களை வரிசைப்படுத்தும் ‘பாங்கோ’ நூலகத்தின் ஆரம்பப் பதிப்புகளில் தமிழுக்கெனத் தனிப்பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது. கேடிஈ, க்னோம் ஆகிய திரைச்சூழல்களைத் தமிழாக்கும் பணியில் பல நாடுகளிலிருந்த தன்னார்வலர் இறங்கினர். இவை போன்ற நூலகங்களின் மேல் நின்ற மின்னஞ்சல் மென்பொருள்கள் அனைத்தும் இதனால் தமிழ் பேசத் தொடங்கின.

நெட்ஸ்கேப் நிறுவனம் தனது மூலநிரலை 1998 மார்ச் 31ஆம் திகதி திறந்துவிட்டது இவ்வரலாற்றின் இன்னொரு மைல்கல். மறைகுறியாக்கப் பகுதிகள் மட்டும் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் காரணமாக நீக்கப்பட்டிருந்தன. அந்த வழியில் பிறந்த தண்டர்பேர்ட் மின்னஞ்சல் மென்பொருளின் முதலாம் பதிப்பு 2004 டிசம்பர் 7ஆம் திகதி வெளியாயிற்று. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் பதிப்பின் மொழிப் பட்டியலில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தனியாக ஒரு பெயர் இடம்பெற்றது. நமது நாட்டுத் தமிழ் வழக்குக்கு ஓர் உலக மென்பொருளில் தனி இருக்கை கிடைத்தது சிறிய செய்தியன்று. எந்த அரசாங்கமும் கேட்டுப் பெற்றுத் தந்தது அல்ல அது, தன்னார்வலரின் உழைப்பு. இலங்கையர் கட்டற்ற மென்பொருளை வெறுமனே பயன்படுத்துவோராக மட்டும் இருக்கவில்லை. 2004 சுனாமியின் பின்னர் இங்கு உருவாக்கப்பட்ட ‘சஹானா’ அனர்த்த முகாமை மென்பொருள் வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது.

எந்தக் கடிதம் பிழைத்தது?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1999இல் திஸ்கியில் எழுதப்பட்ட மின்னஞ்சல் ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை வாசித்த மென்பொருளும் எழுத்துருவும் இன்று உங்கள் கணினியில் இல்லை. ஆயினும் 2002ஆம் ஆண்டளவில் லினக்ஸின் அடிப்படையான குனு சி நூலகத்தில் திஸ்கிக்கான மாற்றி சேர்க்கப்பட்டது. திஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னே எழுதப்படும். யூனிகோட்டில் பின்னே வரும். இந்த இடமாற்றத்தையெல்லாம் அந்த மாற்றி கவனித்துக்கொள்கின்றது. 2007இல் திஸ்கி அனைத்துலகக் குறிமுறைப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. ‘ஐகொன்வ்’ என்ற ஒரு கட்டளையால் இன்றும் அக்கடிதத்தை யூனிகோட்டுக்கு மாற்றி வாசிக்கலாம்.

பாமினிக் கடிதங்களுக்குப் ‘பொங்குதமிழ்’ போன்ற எழுத்துரு மாற்றிகள் கைகொடுத்தன. அவை இணையப் பக்கமாகவே அமைந்திருந்ததால் அவற்றின் நிரலை எவரும் திறந்து பார்க்க முடிந்தது. மாறாக, தனியார் ஒருவர் தமக்கென அமைத்து, அட்டவணையை வெளியிடாமலே விட்டுச்சென்ற எழுத்துருக்களில் எழுதியவை, அந்த எழுத்துருவும் தொலைந்தபின் புதிர்களாகிவிட்டன.

கடிதங்கள் சேமிக்கப்பட்ட பெட்டிக்கும் இதே நியதிதான். பைன், யுடோரா, தண்டர்பேர்ட் ஆகியன கடிதங்களை ‘எம்பொக்ஸ்’ எனப்படும் வெற்றுரைக் கோப்புகளில் சேமித்தன. எந்த உரைத்தொகுப்பானிலும் அவற்றைத் திறக்கலாம். அவுட்லுக் எக்ஸ்பிரஸோ தனக்கே உரிய மூடிய கோப்பு வடிவத்தைப் பயன்படுத்தியது. 2007இல் வின்டோஸ் விஸ்டாவுடன் அம்மென்பொருள் வழக்கொழிந்தது. அதில் கடிதம் சேர்த்தவர்கள் மாற்று மென்பொருள்களைத் தேடி அலைய நேர்ந்தது. யுடோராவின் விற்பனையும் நின்றுபோயிற்று. ஆனால் அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2018 மே மாதத்தில் அதன் மூலநிரலை உலகுக்கு வெளியிட்டது. ஒரு மென்பொருளின் மூலநிரலை ஓலைச்சுவடிபோல் பேணிவைக்கும் காலம் வந்துவிட்டது.

ஓர் எச்சரிக்கை

மூலநிரலிலிருந்து தொகுத்துவிட்டால் ஆபத்தே இல்லை என்று சொல்வதற்கில்லை. யுனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தொம்சன், தொகுப்பானே கள்ளத்தனம் செய்தால் மூலநிரலை எத்தனை முறை வாசித்தும் பயனில்லை என்று 1984இலேயே விளக்கினார். 2024 மார்ச்சில், லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் ‘எக்ஸ்இசட்’ என்ற சுருக்கு மென்பொருளின் மூலநிரற் பொதிக்குள் திருட்டு வாசல் ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது அம்பலமாயிற்று. திறந்த களஞ்சியத்தில் இல்லாத சில வரிகள், பரப்பப்பட்ட பொதியில் மட்டும் இருந்தன. ஆனால் அது கண்டுபிடிக்கப்பட்டதற்கும் காரணம் மூலநிரல் திறந்திருந்ததே. வேகம் சற்றுக் குறைவதைக் கவனித்த ஒரு பொறியியலாளர் தோண்டிப் பார்க்க முடிந்தது. பூட்டிய மென்பொருளில் அவர் அவ்வளவு தூரம் சென்றிருக்க முடியாது.

இன்று தண்டர்பேர்ட் போன்ற பெரிய மென்பொருளைத் தொகுப்பதற்குப் பல கிகாபைற் மூலநிரலும் வலுவான கணினியும் வேண்டும். பாவனையாளரில் பெரும்பாலோர் ஆயத்தப் பொதியையே நிறுவுகின்றனர். அதில் தவறேதும் இல்லை. அல்பைன் போன்ற சிறியவற்றை இப்போதும் சில நிமிடங்களில் தொகுத்துவிடலாம். ஆர்வமுள்ள இளைஞர்கள் ஒருமுறையாவது அதைச் செய்து பார்ப்பது நல்லது. நூறு பேரில் ஒருவர் தொகுக்கத் தெரிந்தவராக இருந்தாலே போதும்; மற்ற 99 பேரின் கடிதங்களுக்கும் அவர் காவலாகின்றார்.

இன்னொரு மாற்றத்தையும் மறந்துவிடலாகாது. நமது கடிதங்கள் இப்போது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய தொலைதூரக் கணினியில் இருக்கின்றன. கைத்தொலைபேசித் திரையில் வாசித்துவிட்டுப் போகின்றோம். கணக்கு மூடப்பட்டால், கடவுச்சொல் அறிந்தவர் மறைந்தால், ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுக் கடிதங்கள் ஒரே நாளில் இல்லாமற் போகும். சொந்தக் கணினியில் கடிதங்களை இறக்கி வைத்திருக்கும் பழைய முறைக்கு இதனால் புதிய பெறுமதி உண்டாகியிருக்கின்றது.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய வன்தட்டோ குறுந்தட்டோ இருந்தால் வீசிவிடாதீர்கள். 1990களிலும் 2000களிலும் வந்த மின்னஞ்சல்கள் அதில் இருக்கக்கூடும். திறந்தபோது எழுத்துக்கள் குழம்பித் தெரிந்தால் அழிக்காதீர்கள். விடயமறிந்த இளைஞர் ஒருவரிடம் காட்டுங்கள். திஸ்கியா பாமினியா என்று அடையாளம் கண்டு அவரால் யூனிகோட்டுக்கு மாற்றித் தர இயலும். மாற்றியதை வெற்றுரைக் கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள். மூலக்கோப்பையும் அப்படியே வைத்திருங்கள். மலையகத் தமிழரும் புலம்பெயர்ந்த தமிழரும் தங்கள் வாழ்வைத் தாங்களே எழுதிய ஆவணங்கள் மிகக் குறைவு. அந்தக் குறைவான ஆவணங்களில் ஒரு பகுதி, வாசிக்கப்படாத எழுத்தாக, நம் வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றது.